பாண்டி ஆட்டத்தில் கால் ஏன் தடுமாறுகிறது?

ஆழ்வார்திருநகரி மாடவீதியில் கட்டம் கிழித்துப் பாண்டி ஆடினால், ஆறு வயதுச் சிறுமி கோட்டை மிதிக்காமல் நொண்டிப் போவாள். அதே வயதுப் பையன் பல நேரம் தடுமாறுவான். சிறுவயதில் ஒற்றைக்கால் சமநிலை பெண்பிள்ளைகளுக்குச் சற்று முந்தியே கைகூடுகிறது.

நிற்கும் காலைக் கவனியுங்கள்: கணுக்கால் ஓயாமல் உள்ளும் புறமும் அசையும், விரல்கள் தரையைப் பற்றும். கண், உட்செவி, பாதத்தின் உணர்வு மூன்றையும் கோத்து மூளை செய்யும் திருத்தம் அது. கண்ணை மூடினால் பெரியவர்களே ஆட்டம் கண்டுவிடுவார்கள்.

நொண்டுவது இன்னும் கடினம். தரையில் இறங்கும்போது உடல் எடையைவிடப் பெரிய விசை ஒரே காலில் விழுகிறது. பருமனான பிள்ளை சீக்கிரம் களைப்பது சோம்பலால் அல்ல. தயவுசெய்து கேலி செய்யாதீர்கள்.

வயதும் விளையாடுகிறது. பிரேசிலில் 51 முதல் 75 வயதுவரையான 1,702 பேரைச் சோதித்து 2022இல் வெளியான ஆய்வில், ஏறக்குறைய ஐந்தில் ஒருவரால் 10 நொடி ஒற்றைக்காலில் நிற்க முடியவில்லை. வீட்டுப் பெரியவர்கள் சுவரைப் பிடித்தபடியாவது தினமும் பழகலாம்.