செல் நம்பரை வைஃபை பாஸ்வேர்டா வைக்காதீங்க, அண்ணாச்சி!

எங்கள் பக்கத்துத் தெருக்களில் பல வீட்டு வைஃபை பாஸ்வேர்டை வாசற்படி ஏறாமலே நான் சொல்லிவிடுவேன். வீட்டுக்காரரின் செல் நம்பர்தான் அது. பாளையங்கோட்டையில் கேபிள் டிவி நடத்தி, பிறகு அதே கம்பங்களில் ஃபைபர் இழுத்து, இன்றைக்கு இணைய இணைப்புக் கொடுத்துப் பிழைக்கிறவன் நான். பெட்டியைச் சுவரில் மாட்டியதும் எங்கள் பையன்கள், "பாஸ்வேர்டு என்ன போடட்டும் சார்?" என்று கேட்பார்கள். "மறந்து போகாத மாதிரி போடு தம்பி. என் நம்பரையே போட்டுரு" என்று பதில் வரும். பையனுக்கும் அடுத்த வீட்டு வேலை காத்திருக்கும். போட்டுவிட்டு வந்துவிடுவான்.

அந்த நம்பர் கல்யாணப் பத்திரிகையில் இருக்கிறது, கடை போர்டில் இருக்கிறது, வாசலில் நிற்கும் காரின் கண்ணாடியில்கூட ஒட்டியிருக்கிறது. யாருக்குமே தெரியாத நம்பராக இருந்தாலும் கதை அதேதான். நம் நாட்டுச் செல் எண்கள் 6, 7, 8, 9 என்ற நான்கில் ஒன்றில்தான் தொடங்கும். மீதி ஒன்பது இலக்கத்தையும் சேர்த்தால் மொத்தம் 400 கோடி எண்கள். கேட்க மலைப்பாக இருக்கும். பிள்ளைகள் கேம் ஆட வாங்குகிற நல்ல கிராபிக்ஸ் கார்டு உள்ள கணினி, வைஃபை பாஸ்வேர்டை வினாடிக்குப் பத்து லட்சம் தடவைக்கு மேல் ஊகித்துப் பார்க்கும். கணக்குப் போடுங்கள்: 4,000 வினாடி. ஒன்றேகால் மணி நேரம்கூட ஆகாது.

"அத்தனை தடவை தப்பாப் போட்டா பெட்டிக்குத் தெரியாதா?" என்று ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் என்னை மடக்கினார். நல்ல கேள்வி. உங்கள் போன் பெட்டியோடு சேரும்போது இரண்டுக்கும் இடையே நான்கு சிறு செய்திகள் காற்றில் போய்வரும். பாஸ்வேர்டு அப்படியே அதில் போகாது. ஆனால் ஒரு பாஸ்வேர்டு சரியா தப்பா என்று சோதித்துப் பார்க்கத் தேவையான சரக்கு அதில் இருக்கும். தெருவில் லேப்டாப்போடு நிற்கிறவன் அந்த நான்கையும் பிடித்துக்கொண்டு தன் வீட்டுக்குப் போய் நிதானமாக ஊகிக்கலாம். உங்கள் பெட்டிக்கு ஒன்றுமே தெரியாது. 2004இல் வந்து, இன்றும் பெரும்பாலான வீடுகளில் ஓடுகிற டபிள்யூபிஏ2 முறையின் பலவீனம் இது. 2018இல் வந்த டபிள்யூபிஏ3 இந்த வழியை அடைத்துவிட்டது. அதில் ஒவ்வொரு ஊகத்தையும் பெட்டியிடமே நேரில் கேட்டாக வேண்டும். உங்கள் பெட்டியின் அமைப்பில் 'டபிள்யூபிஏ3' என்று இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். பழைய போன் ஏதாவது சேர மறுத்தால், இரண்டும் கலந்த முறை ஒன்று இருக்கும், அதை வையுங்கள். வெறும் 'டபிள்யூஇபி' மட்டும்தான் இருக்கிறது என்றால் பெட்டியையே மாற்றிவிடுங்கள். அந்தப் பூட்டு உடைந்தது 2001இல்.

பாஸ்வேர்டுக்கு நான் சொல்வது ஒரே வழி. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நான்கு சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதுங்கள். முறம், நுங்கு, தாழ்ப்பாள், ரயில் என்கிற மாதிரி. (இதே நான்கைப் போட்டுவிடாதீர்கள், பத்திரிகையில் வந்துவிட்டது!) குறைந்தது எட்டு எழுத்து, அதிகம் 63 வரை போகலாம். விருந்தாளிக்கு எழுத்துக் கூட்டிச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். இப்போதைய போன்களில் க்யூஆர் கோடாகக் காட்டினால் அவர் ஸ்கேன் செய்துகொள்வார். வைஃபையின் பெயரில் வீட்டு எண்ணையும் குடும்பப் பெயரையும் போடாதீர்கள், எது யார் வீடு என்று தெருவுக்கே அறிவிக்க வேண்டியதில்லை.

"யாரோ கொஞ்சம் நெட்டு எடுத்தா எடுத்துட்டுப் போறான், அன்லிமிடட்தானே?" என்று கேட்கும் பெரிய மனசுக்காரர்களும் உண்டு. அவர்களுக்கு 2008இல் நடந்ததைச் சொல்வேன். ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் தொடர் குண்டுவெடிப்பு. சற்று முன்னால் ஊடகங்களுக்கு ஒரு மிரட்டல் மின்னஞ்சல் போயிருந்தது. அது எந்த இணைப்பிலிருந்து கிளம்பியது என்று தேடிய போலீஸ் போய் நின்ற இடம், நவி மும்பையில் குடியிருந்த ஓர் அமெரிக்கரின் வீடு. அவருடைய வைஃபையில் பூட்டே இல்லை. வேறு யாரோ அதைப் பயன்படுத்தியிருந்தார்கள். விசாரணை, கணினிப் பறிமுதல் என்று அந்த மனிதர் பட்ட பாடு செய்தித்தாள்களில் நாள்கணக்கில் வந்தது. அந்த செப்டம்பரில் டெல்லி குண்டுவெடிப்பையொட்டி வந்த மின்னஞ்சலுக்கும் மும்பையில் ஒரு நிறுவனத்தின் வைஃபைதான் வழி. அடுத்த ஆண்டே, வைஃபையைப் பூட்டி வைக்கச் செய்ய வேண்டும் என்று எங்களைப் போன்ற சேவைதாரர்களுக்குத் தொலைத்தொடர்புத் துறை உத்தரவு போட்டது. கேள்வி முதலில் வருவது இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவரிடம்தான்.

இன்னொரு பக்கம், வீண் பயமும் வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரர் உங்கள் வைஃபையில் நுழைந்துவிட்டார் என்பதாலேயே வங்கிக் கணக்கு காலியாகிவிடாது. வங்கித் தளமும் செயலியும் தனியாகத் தம் பூட்டைப் போட்டுக்கொண்டுதான் பேசுகின்றன.

ஆனால் பெட்டிக்கு இரண்டாவது பாஸ்வேர்டு ஒன்று உண்டு. நான் போகும் வீடுகளில் அதைப் பற்றிக் கேள்விப்பட்டவர்களே குறைவு. போனில் பிரவுசரைத் திறந்து 192.168.1.1 என்றோ 192.168.0.1 என்றோ அடித்தால் பெட்டியின் உள் அமைப்புப் பக்கம் வரும். சரியான எண் பெட்டிக்கு அடியில் ஒட்டியிருக்கும். பல பெட்டிகளில் பயனர் பெயரும் 'அட்மின்', பாஸ்வேர்டும் 'அட்மின்'. உள்ளே வந்தவன் இதைத் திறந்துவிட்டால், நீங்கள் அடிக்கும் முகவரியை எங்கே கொண்டுபோய் விடுவது என்பதையே மாற்றி எழுத முடியும். அப்புறம் வங்கியின் பெயரை நீங்கள் சரியாக அடித்தாலும் போய்ச் சேருவது போலிப் பக்கமாக இருக்கலாம். 'இந்தத் தளம் பாதுகாப்பானதல்ல' என்று பிரவுசர் எச்சரித்தால் மேலே போகாதீர்கள்.

2016இல் 'மிராய்' என்ற நச்சு நிரல் உலகெங்கும் லட்சக்கணக்கான கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்தது. அதன் கையிலிருந்த ஆயுதம், கம்பெனியிலிருந்து வரும்போதே இருக்கும் அறுபது சொச்சம் பெயர்-பாஸ்வேர்டு ஜோடிகள். அவ்வளவுதான். அந்த அக்டோபரில் அந்தப் படையை ஏவி ஒரு நிறுவனத்தைத் தாக்கியதில், அமெரிக்காவில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் மணிக்கணக்கில் முடங்கின. அதனால் வாசலில் மாட்டிய சிசிடிவி கேமராவின் பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். பெட்டியில் 'கெஸ்ட் நெட்வொர்க்' இருந்தால் கேமராவையும் டிவியையும் அதில் தள்ளிவிடுங்கள்.

பெட்டியின் அமைப்புப் பக்கத்துக்குள் போன கையோடு, பாஸ்வேர்டு அடிக்காமலே போனைச் சேர்த்துக்கொள்ளும் 'டபிள்யூபிஎஸ்' என்ற வசதி இருக்கும், அதை அணைத்துவிடுங்கள். அதன் எட்டு இலக்கப் பின் எண்ணைப் பெட்டி இரண்டு துண்டாகச் சரிபார்ப்பதால், 11,000 முயற்சிக்குள் திறந்துவிடலாம் என்று 2011லேயே கண்டுபிடித்துவிட்டார்கள். வைஃபை பெயரை மறைத்து வைப்பது வீண் வேலை, தேடுகிறவனுக்கு அது தெரியத்தான் செய்யும். ஊக்கைச் சின்ன ஓட்டைக்குள் விட்டு ரீசெட் மட்டும் செய்துவிடாதீர்கள். இணைப்பின் லாகின் விவரம் அழிந்து, எங்கள் ஆள்தான் வர வேண்டியிருக்கும்.

எனக்கு வரும் போன்களில் பாதி பாதுகாப்பைப் பற்றியே இருக்காது. "அண்ணாச்சி, நெட்டு மாடிக்கு வரமாட்டேங்கு" என்பதுதான். போய்ப் பார்த்தால் பெட்டி டிவி ஷோகேஸுக்குள், கண்ணாடிக் கதவுக்குப் பின்னால், ஸ்டீல் பீரோவை ஒட்டி உட்கார்ந்திருக்கும். இரும்பும் நிலைக்கண்ணாடியும் மீன் தொட்டித் தண்ணீரும் சிக்னலைத் தின்றுவிடும். வீட்டின் நடுவில், ஆள் உயரத்துக்கு மேல், திறந்த இடத்தில் வையுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவர் தாண்டிப் போகும், ஆனால் தெருவே அதில்தான் நெரிசலாக இருக்கும், மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைவரிசைதான். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, இரண்டு சுவரில் மூச்சு வாங்கிவிடும். கம்பி கட்டிய கான்கிரீட் தளத்தைத் தாண்டி மாடிக்கு வேகம் வேண்டுமானால் ஒரு லேன் கேபிள் இழுத்து மேலே இன்னொரு பெட்டி வைப்பதுதான் வழி. கடையில் மலிவாக விற்கும் ரிப்பீட்டர் பெரும்பாலும் வேகத்தைப் பாதியாக்கும். அதை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை. கரண்ட் போனால் நெட்டும் போகிற வீட்டுக்கு 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்று போதும். தெருவில் ஓடும் ஃபைபருக்குக் கரண்ட் தேவையில்லை, உங்கள் பெட்டிக்குத்தான் தேவை.

இன்று ராத்திரி இரண்டு பாஸ்வேர்டையும் மாற்றிவிடுங்கள். அட்மின் பக்கத்தைத் திறக்க விடாமல் கம்பெனி பூட்டி வைத்திருந்தால் உங்கள் கேபிள்காரரைக் கூப்பிட்டு, கூடவே உட்கார்ந்து மாற்றச் சொல்லுங்கள். பத்து நிமிட வேலை. அதற்குக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.