எத்தனை லோடு மண்ணு வேணும்? மனையை மேடாக்குறதுக்கு முன்னாடி போட வேண்டிய கணக்கு

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கித் திருத்தப்பட்டுள்ளன.)

இன்னைக்கு ஆப், ஏஐ எதுவும் கிடையாது. மண்ணு பத்திப் பேசப்போறோம்.

ஒரு நேயர் வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். முடிச்சூர் பக்கம் அப்பா அம்மா வாங்கிப்போட்ட மனை, 30-க்கு 40. ரோட்டை விடப் பள்ளம். வீடு கட்டுறதுக்கு முன்னாடி 2 அடி மேடாக்கணும். "24 யூனிட் போதும்னு லாரிக்காரர் சொல்றார், ஓகே சொல்லிடலாமா?" இதுதான் கேள்வி.

சின்னக் கேள்வி மாதிரி இருக்கும். ஆனா பெயிண்டை மாத்தலாம், டைல்ஸை மாத்தலாம். வீட்டுக்கு அடியில போன மண்ணை வெளிய எடுத்துட்டு வேற மண்ணு போட முடியாது. நம்ம பாஷையில சொன்னா, ரோல்பேக் இல்லாத டிப்ளாய்மென்ட். அதனால "எத்தனை லோடு"ங்கிற கேள்விக்கு முன்னாடி, "தண்ணி எங்க போகும்"ங்கிற கேள்விக்குப் பதில் வேணும்.

உயரத்தை எதை வெச்சு முடிவு பண்றது?

பொதுவா எல்லாரும் ரோட்டைப் பார்த்துத்தான் சொல்வாங்க: "ரோட்டுக்கு மேல 2 அடி." சிக்கல் என்னன்னா, ரோடே ஒரே இடத்துல நிக்கிறதில்ல. பழைய தார் மேலயே புதுத் தார் போட்டுப் போட்டு ஏறிக்கிட்டே போகும். 2021-ல அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு, பழைய லேயரைச் சுரண்டி எடுத்துட்டுத்தான் புதுசு போடணும்னு உத்தரவு போட்டார். அதுக்கு முன்னாடியே ரோடு ஏறிப் பள்ளமான வீடுகள் சென்னையில ஏராளம். ஜாக்கி வெச்சு வீட்டையே தூக்குற வேலை இங்க ஒரு தொழிலா வளர்ந்ததுக்கு அதுவும் ஒரு காரணம்.

அதனால மூணு மட்டம் எடுங்க. ஒண்ணு, ரோட்டோட நடுப்பகுதி. ரெண்டு, மழைநீர் வடிகாலோட அடிமட்டம். மூணு, 2015 டிசம்பர்லயும் 2023 மிக்ஜாம் புயல் அப்பவும் தண்ணி நின்ன கோடு. மூணாவது எந்த வெப்சைட்லயும் தேட வேண்டாம், தெருவுல 2015-க்கு முன்னாடி இருந்தே இருக்குற ஒரு ஆன்ட்டியைக் கேளுங்க. சுவரைத் தொட்டுக் காட்டுவாங்க.

அளக்குறதுக்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். மேஸ்திரிங்க வெச்சிருக்குற டியூப் லெவல் போதும். கண்ணாடி மாதிரி தெரியுற ஒரு ஹோஸ்ல காத்துக் குமிழ் இல்லாம தண்ணி. ரெண்டு முனையிலயும் தண்ணி ஒரே மட்டத்துல நிக்கும், அவ்வளவுதான்.

இங்க ஒரு முக்கியமான விஷயம். மனை முழுக்க ஒரே உயரத்துக்கு ஏத்த வேண்டியதில்ல. சுத்தி இருக்குற தரை, மழைத்தண்ணி வடிகாலுக்கு ஓடுற அளவுக்கு இருந்தா போதும். வெள்ளத்துக்கான பாதுகாப்பு உயரத்தை வீட்டோட பேஸ்மட்டத்துல குடுங்க. மண்ணும் மிச்சம், காசும் மிச்சம்.

தரை சாய்வா இருக்கணும், வீட்டுச் சுவர்ல இருந்து வெளிய பார்த்து. அமெரிக்க வீட்டுக் கட்டுமான விதியில முதல் 10 அடிக்கு 6 அங்குலம் இறக்கம் கேட்குறாங்க. நமக்கு பக்கவாட்டுல 10 அடி எங்க இருக்கு? 5 அடி இருந்தா 3 அங்குலம். சிமென்ட் தளம், பேவர் பிளாக் போடுறதா இருந்தா 50-க்கு 1 போதும்.

யூனிட் கணக்கு: 24 ஏன் பத்தாது?

1 யூனிட்னா 100 கன அடி. நேயரோட மனை 1200 சதுர அடி. 2 அடி உயரம்னா 2400 கன அடி, அதாவது 24 யூனிட். லாரிக்காரர் சொன்ன கணக்கு தப்பில்ல. ஆனா அது இறுகின பிறகு தேவைப்படுற அளவு. லாரியில வர்றது உதிரி மண்ணு, பாதி இடம் காத்து மாதிரி பொலபொலன்னு இருக்கும்.

மண்ணோட வகையைப் பொறுத்து மாறும்னாலும், 25 சதவீதம் கூடுதலா வைக்கிறது நியாயமான கணக்கு. அப்போ 30 யூனிட். 24-தான் வாங்கினா, நல்லா இறுகின பிறகு நமக்குக் கிடைக்கிறது 24 அங்குலம் இல்ல, சுமார் 19 அங்குலம். மீதி 5 அங்குலம் எங்க போச்சுன்னு ரெண்டு மழை கழிச்சுத் தெரியும்.

அடுத்து "லோடு". இது ஒரு அளவே இல்ல. சின்ன டிப்பரும் லோடுதான், பெரிய டிப்பரும் லோடுதான். விலை பேசும்போது யூனிட்லயே பேசுங்க. வண்டி வந்ததும் டேப் எடுத்து பாடியோட உள் அளவைப் பாருங்க. 11 அடி நீளம், 7 அடி அகலம், இரண்டரை அடி உயரம்னா 192 கன அடி. 2 யூனிட்டுக்குக் கொஞ்சம் கம்மி. கூம்பா மேல குவிச்சிருக்கா, நடுவுல பள்ளமா இருக்கான்னும் பாருங்க. "அண்ணே, அளந்துட்டு இறக்கலாம்"னு சிரிச்சுக்கிட்டே முதல் லோடுலயே சொல்லிட்டா, அடுத்த வண்டிகள் ஒழுங்கா வரும்.

எந்த மண்ணு?

கடையில "ஃபில்லிங் மண்ணு"ன்னு கேட்டா எது வேணும்னாலும் வரும். வகையைச் சொல்லிக் கேளுங்க.

கிராவல்: சிவப்பா, பொடிக்கல் கலந்து வரும். நல்லா இறுகும், தண்ணி பட்டா ஊதாது. பேஸ்மட்டத்துக்கும் வாசலுக்கும் இதுதான் முதல் சாய்ஸ்.

சவுடு மண்: மணலும் களியும் கலந்தது. களி கம்மியா இருந்தா தாராளமா பயன்படுத்தலாம்.

களிமண், கரிசல் மண்: விலை கம்மின்னு தள்ளிவிடப் பார்ப்பாங்க. மழையில ஊதும், வெயில்ல சுருங்கும். மேல போட்ட தரை வருஷா வருஷம் ஏறி இறங்கினா, அது விரிசலாத்தான் முடியும்.

இடிச்ச கட்டடக் கழிவு: பெரிய கான்கிரீட் துண்டுகளுக்கு நடுவுல பொந்து இருக்கும். மழையில மேல இருக்குற மண்ணு அந்தப் பொந்துக்குள்ள இறங்கும். ஒரு நாள் கார் நிறுத்துற இடத்துல திடீர்னு குழி. மரக்கட்டை, பிளாஸ்டிக், வேரெல்லாம் கலந்திருந்தா இன்னும் மோசம். மக்குற பொருள் எதுவா இருந்தாலும் ஒரு நாள் இடத்தைக் காலி பண்ணிடும்.

டெஸ்ட் பண்ண லேப் இல்லாமயும் ஒரு வழி இருக்கு. ஒரு கண்ணாடி பாட்டில்ல மூணுல ஒரு பங்கு மண்ணு, மீதி தண்ணி. நல்லாக் குலுக்கி வைங்க. மணல் ஒரு நிமிஷத்துலயே அடியில படியும். வண்டல் சில மணி நேரம் எடுக்கும். மறுநாளும் தண்ணி கலங்கலாவே இருந்து, மேல தடிமனா ஒரு வழவழ லேயர் நின்னா, களி அதிகம். சாம்பிளை ஆர்டருக்கு முன்னாடியே வாங்கி இதைப் பண்ணிடுங்க.

பேப்பர் இருக்கா?

கட்டடத்துக்காகவும் சாலைக்காகவும் நிரப்புற சாதாரண மண்ணையே 2000-ல மத்திய அரசு சிறு கனிமம்னு அறிவிச்சிருக்கு. அதாவது எங்கயோ ஏரியில இரவோட இரவா வெட்டி எடுத்துட்டு வர்ற மண்ணு, சட்டப்படி திருட்டுக் கனிமம். அனுமதியோட வர்ற வண்டிக்கு எங்க எடுத்தது, எங்க போகுதுன்னு சொல்ற நடைச்சீட்டு இருக்கும். அதைக் கேட்டு ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்கங்க. ஏரி வண்டலை இலவசமா எடுக்கலாம்னு அரசு குடுக்குற அனுமதி விவசாயத்துக்கும் மண்பாண்டத் தொழிலுக்கும்தான், வீட்டு மனைக்கு இல்ல.

கொட்டுறது பாதி வேலை, இறுக்குறது மீதி

முதல்ல மனையில இருக்குற புல், வேர், குப்பை எல்லாத்தையும் எடுங்க. மேல 6 அங்குல நல்ல மண்ணைத் தனியா ஓரமா ஒதுக்கி வைங்க, பின்னாடி தோட்டத்துக்கு அதுதான் உதவும். கிராவல்ல கருவேப்பிலை கூட வளர அடம் பிடிக்கும்.

அப்புறம் 6 அங்குலத்துல இருந்து 8 அங்குலத்துக்குள்ள ஒரு லேயர். தண்ணி தெளிச்சு, பிளேட் காம்பாக்டர் ஓட்டி, அடுத்த லேயர். மூலையிலயும் சுவரோரமும் மெஷின் போகாத இடத்துல திமிசுக்கட்டை. 2 அடியையும் மொத்தமாக் கொட்டிட்டு மேல ஜேசிபியை நாலு தடவை ஓட்டினா, மேல் லேயர் மட்டும்தான் இறுகும். அடியில அதே பொலபொல மண்ணு.

தண்ணி எவ்வளவு? 1933-ல லாஸ் ஏஞ்சலஸ்ல அணை கட்டுற வேலையில இருந்த ப்ராக்டர்ங்கிற இன்ஜினியர் இதை முறைப்படுத்தினார். ஒவ்வொரு மண்ணுக்கும் ஒரு சரியான ஈரம் உண்டு. அதுக்குக் கம்மியானாலும் கூடினாலும் இறுகாது. நம்ம லெவல்ல ஒரு பிடி மண்ணை எடுத்து இறுக்கிப் பிடிங்க. உருண்டையா நின்னு, தட்டினா ரெண்டு மூணு துண்டா உடைஞ்சா சரி. பொடியா உதிர்ந்தா தண்ணி பத்தல. கையில ஈரம் ஒட்டிப் பிசுபிசுத்தா அதிகம்.

இன்னொண்ணு, எவ்வளவு நல்லா இறுக்கினாலும் அஸ்திவாரம் இந்தக் கொட்டின மண்ணு மேல நிக்கக்கூடாது. அதைத் தாண்டி, அடியில இருக்குற பழைய கெட்டி மண்ணு வரைக்கும் இறங்கணும். எவ்வளவு ஆழம்னு மண் பரிசோதனை பார்த்து ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் சொல்லட்டும்.

காம்பவுண்டு சுவரும் பக்கத்து வீடும்

நாலரை அங்குலச் செங்கல் காம்பவுண்டு சுவர் எல்லையைக் காட்டத்தான் கட்டுறாங்க, மண்ணைத் தாங்க இல்ல. அதுல மண்ணைச் சாய்ச்சா, உயரம் ரெண்டு மடங்கானா தள்ளுற விசை நாலு மடங்காகும். மழையில மண்ணு நனைஞ்சா இன்னும் கூடும். சுவர் சரியுறது பக்கத்து வீட்டுப் பக்கம்தான். அங்க குழந்தைங்க விளையாடுறாங்களான்னு யோசிச்சுப் பாருங்க. மண்ணைத் தாங்கணும்னா அதுக்குன்னு டிசைன் பண்ணின தடுப்புச் சுவர் கட்டணும்.

அடுத்தது தண்ணி. நேயரோட மனை 2 அடி பள்ளமா இருந்தப்போ, வெள்ளத்துல 68,000 லிட்டர் தண்ணியைத் தாங்கிக்கிட்டு நின்னுச்சு. 12,000 லிட்டர் டேங்கர்ல கிட்டத்தட்ட ஆறு வண்டி. மண்ணு கொட்டின பிறகு அந்த ஆறு வண்டித் தண்ணி மறைஞ்சு போகாது, மேடாக்கக் காசில்லாத பக்கத்து வீட்டு ஹாலுக்குப் போகும். பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தைச் சுத்தி நடந்ததும் பெரிய அளவுல இதேதான்.

சட்டமும் இதைப் பத்திப் பேசுது. 1882-ஆம் வருஷத்து ஈஸ்மென்ட்ஸ் சட்டப்படி, மேட்டு நிலத்துல விழுற தண்ணி இயற்கையா பள்ளத்து நிலத்துக்கு ஓடுறதுக்கு மேட்டு நிலக்காரருக்கு உரிமை உண்டு. நீங்க பள்ளத்துல இருந்து மேடாக்கி அந்த வழியை அடைச்சா, பிரச்சனை கோர்ட் வரைக்கும் போகலாம்.

அதனால சாய்வு முழுக்க உங்க வாசல் வடிகால் பார்த்து இருக்கட்டும். பக்கத்து எல்லை ஓரமா உங்க பக்கத்துலயே ஒரு சின்னக் கால்வாய் விடுங்க. முடிஞ்ச இடத்துல சிமென்ட் போடாம விடுங்க. மழைநீர்த் தொட்டியை கொட்டின மண்ணைத் தாண்டி, தண்ணி உறிஞ்சுற பழைய மண்ணு வரைக்கும் இறக்குங்க.

சுருக்கமா

மூணு மட்டம் அளங்க. சாய்வை முடிவு பண்ணுங்க. கன அடி கணக்குப் போட்டு 25 சதவீதம் சேருங்க. பாட்டில் டெஸ்ட், நடைச்சீட்டு, டேப். லேயர் லேயரா இறுக்குங்க. வேலை ஜூன் மாசத்துக்குள்ள முடிஞ்சா நல்லது. வடகிழக்குப் பருவமழையே ஒரு டெஸ்டிங் டீம் மாதிரி எங்க இறங்குதுன்னு காட்டிக் குடுக்கும். தரைக்குப் பேவர் பிளாக், டைல்ஸ் எல்லாம் அதுக்கப்புறம் போடலாம்.

லாரியைக் கூப்பிடுறதுக்கு முன்னாடி பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, "நாங்க மேடாக்கப் போறோம், தண்ணி இந்தப் பக்கமா போகும்"னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க.