கைவிரலால் வரைந்த கடல்

ஸாரியா ஃபோர்மன் வரைந்த மாலைதீவுக் கடலை முதன்முறை காண்பவர் அதைப் புகைப்படம் என்றே நினைப்பார். கரையில் வந்து மடியும் அலை, மணலில் இழுபடும் நுரை, நுரைக்கு அடியில் பச்சையாய்த் தெரியும் தண்ணீர். ஆள் இல்லை, தோணி இல்லை. வரைந்த கையில் தூரிகையும் இருக்கவில்லை.

1982இல் பிறந்த இந்த அமெரிக்க ஓவியர் பயன்படுத்துவது மென்பெஸ்டல். நமது பிள்ளைகள் சித்திர பாடத்துக்குக் கொண்டுபோகும் பெஸ்டலில் எண்ணெயும் மெழுகும் கலந்திருக்கும், கடதாசியில் பிடித்துக்கொள்ளும். இது அப்படியல்ல. நிறப்பொடியை மிகக் கொஞ்சம் பசையோடு பிசைந்து உலர்த்திய குச்சி. கிட்டத்தட்ட வெண்கட்டி மாதிரி. தொட்டால் கையில் வரும், ஊதினால் பறக்கும். அதைக் கடதாசியில் பூசி, விரலாலும் உள்ளங்கையாலும் தேய்த்துப் பரப்புகிறார். நுரையின் ஓரம் போன்ற நுண்ணிய இடம் வந்தால் குச்சியை உடைத்து, உடைந்த முனையின் கூரால் கோடு இழுக்கிறார். பெரிய பெரிய கடதாசிகளை இப்படி நிரப்புவது லேசுப்பட்ட வேலை இல்லை. இடத்துக்கு நேரே போய், ஆயிரக்கணக்கில் படம் பிடித்து வந்து, அந்தப் படங்களையும் தன் ஞாபகத்தையும் துணைக்கு வைத்துக்கொண்டு ஓவியக்கூடத்தில் வரைகிறார்.

அவர் மாலைதீவுக்கு வந்து சேர்ந்த வழிதான் கவனிக்க வேண்டியது. தாயார் ரீனா பாஸ் ஃபோர்மன் தொலைதூர நிலங்களைப் படம்பிடித்த புகைப்படக் கலைஞர். வில்லியம் பிராட்ஃபோர்ட் என்ற அமெரிக்க ஓவியர் 1869இல் கிறீன்லாந்துக்குக் கப்பலேறிப் போனார். அவர் போன வழியே தாமும் போகவேண்டும் என்பது தாயாரின் ஆசை. 2011இல் தாயார் காலமானார். மறுவருடம் மகள் அந்தப் பயணத்தை முன்னின்று நடத்தினார். தாயின் சாம்பலைப் பனிப்பாறைகளுக்கு நடுவே தூவினார். அடுத்த வருடம், 2013இல், மாலைதீவு.

எங்கே கிறீன்லாந்து, எங்கே மாலைதீவு என்று கேட்கலாம். கடலில் ஏற்கெனவே மிதக்கும் பனிக்கட்டி உருகினால் நீர்மட்டம் அனேகமாக உயராது. கோப்பையில் மிதக்கும் ஐஸ் கரைவது போலத்தான். தரைமேல் கிடக்கும் பனி உருகிக் கடலில் இறங்கும்போதுதான் மட்டம் கூடுகிறது. கிறீன்லாந்தை மூடிக்கிடப்பது அந்த வகைப் பனி. போதாததற்கு, சூடேறிய கடல்நீர் தானும் விரிகிறது. 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 சென்ரிமீற்றர் உயர்ந்திருக்கிறது. ஏறத்தாழ ஒரு சாண். மலைநாட்டில் இருப்பவருக்கு ஒரு சாண் ஒன்றுமே இல்லை. மாலைதீவில் நிலத்தின் ஐந்தில் நான்கு பங்குக்குக் கடல்மட்டத்திலிருந்து 1 மீற்றர் உயரம்கூட இல்லை. இயற்கையாக உயர்ந்த இடமே 2.4 மீற்றர்தான். 2009 ஒக்டோபரில் ஜனாதிபதி மொஹமட் நஷீதும் அமைச்சர்களும் கடலுக்கடியில் இறங்கிக் கூட்டம் நடத்திக் காட்டியது இதைச் சொல்லத்தான். எங்கட சம்பலுக்கு மாசி தந்த தேசம் அது.

அப்படியானால் அழிவை அல்லவா வரைய வேண்டும்? ஃபோர்மன் வேண்டுமென்றே அதைத் தவிர்க்கிறார். அழிவைக் காட்டினால் மனிதர் முகத்தைத் திருப்பிக்கொள்வர். அழகைக் காட்டினால் நேசம் வரும், நேசித்ததைக் காக்கும் எண்ணமும் வரும் என்பது அவரது கட்சி. எனக்கு இதில் பாதிதான் உடன்பாடு. அழகு என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுக்கவும் ஆட்களால் முடியும். ஆளில்லாத படத்தில், அந்தக் கரையில் குடியிருக்கும் சனமும் காணாமற் போகிறது. ஆனாலும் அவர் தன் படங்களுக்குக் கவித்துவமான பெயர் வைப்பதில்லை. ஊர்ப் பெயர், ஓர் இலக்கம், அவ்வளவுதான். அழகில் மயங்கி நிற்பவர் கீழே குனிந்து ‘மாலைதீவு’ என்று வாசிக்கும்போது அந்த அலை வேறு அலையாகிவிடுகிறது. மறுபாதி உடன்பாடு எனக்கு அங்கேதான்.

பிறகு அவர் பனியிடமே திரும்பிப் போனார். பனியின் கனத்தை வானிலிருந்து அளக்கும் நாசாவின் ஐஸ்பிரிட்ஜ் விமானங்களில் 2016இல் அந்தாட்டிக்காவின் மேலாகப் பறந்தார். அதே வருடம் வரைந்த ‘வேல் பே, அந்தாட்டிக்கா இலக்கம் 4’ என்ற படம் 7 அடி உயரம், 12 அடி நீளம். கிட்ட நின்று பார்ப்பவருக்கு ஒரே பார்வையில் அது அடங்காது. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையைத் திருப்பித்தான் பார்க்க வேண்டும்.