அக்கா படித்த புத்தகம்

பரீட்சை முடிந்து வெளியே வந்தால் பிள்ளைகளுக்குத் தாகம்கூடத் தெரியாது. “உனக்கு என்ன விடை?” என்பதுதான் முதல் பேச்சு! மயிலாப்பூரானால் என்ன, மாம்பலமானால் என்ன? “போனது போகட்டும், வீட்டுக்கு வாடி” என்று அம்மா கையைப் பிடித்து இழுக்க வேண்டியிருக்கும்.

2024 மே 5-ஆம் தேதி நடந்த ‘நீட்’ தேர்வில், இப்படிப் பேசித் தீராத ஒரு பௌதிகக் கேள்வி சுப்ரீம் கோர்ட் வரை போயிற்று. ஒவ்வொரு தனிமத்தின் அணுக்களும் நிலையானவை என்பது சரியா, தவறா? ரேடியம் தானே சிதைகிறது, ஆகவே தவறு. ஆனால் பழைய பாடப் புத்தகத்தின்படி சரி! தேர்வு நடத்தியவர்கள் இரண்டு விடைக்கும் மார்க் போட்டுவிட்டார்கள்.

அக்கா படித்த புத்தகத்துக்கு அட்டை போட்டுத் தங்கையிடம் கொடுப்பதும், லஸ் பக்கம் பழைய புத்தகம் வாங்குவதும் நம் வீட்டுச் சிக்கனம்தானே? அச்சில் இருந்ததை நம்பிய பெண் செய்த குற்றம் என்ன? பதிப்பு வருஷத்தை யார் பார்க்கிறார்கள்!

ஜூலையில் டில்லி ஐ.ஐ.டி. நிபுணர்கள் மூவர், சரியான விடை ஒன்றே என்றார்கள். நான்கு லட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்கு ஐந்து மார்க் போயிற்று: கொடுத்த நான்கு, அபராதம் ஒன்று. 720-க்கு 720 வாங்கியிருந்த 61 பேர் 17 பேரானார்கள்.