காத்திருந்த நேரம் யார் கணக்கில்?

மே தினத்தை உலகுக்குத் தந்த நகரம் சிகாகோ. 1886-ஆம் ஆண்டு எட்டு மணி நேர வேலை கேட்டு அந்த நகரத்துத் தொழிலாளர்கள் எழுந்து நின்றார்கள், குருதி சிந்தினார்கள், தூக்கு மேடையும் ஏறினார்கள். அந்த நாட்டில் இன்று ஒரு லாரி டிரைவரின் வேலை நாள் எத்தனை மணி நேரம் தெரியுமா தோழர்களே? பதினான்கு! சட்டமே அனுமதித்த பதினான்கு. அந்தப் பதினான்கிலும் அவருக்குக் கூலி கிடைப்பது சில மணி நேரத்துக்குத்தான். மீதி நேரம் எங்கே போகிறது? சரக்குக் கிடங்கின் வாசலில் கரைந்து போகிறது.

சட்டம் சொல்வதை முதலில் பார்ப்போம். பத்து மணி நேரம் தொடர்ந்து ஓய்வெடுத்த டிரைவர், வேலைக்கு வந்த நிமிடத்திலிருந்து பதினான்கு மணி நேரத்துக்குள் தம் ஓட்டத்தை முடித்துவிட வேண்டும். அதற்குள்ளும் பதினோரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. எட்டு மணி நேரம் ஓட்டினால் அரை மணி இடைவெளி வேண்டும். எட்டு நாளில் மொத்த வேலை எழுபது மணியைத் தாண்டினால், மேற்கொண்டு வண்டி ஓட்டக் கூடாது. நல்ல சட்டந்தான். தூக்கக் கலக்கத்தில் ஓட்டுபவன் தானும் சாவான், எதிரே வருபவனையும் சாகடிப்பான். 1930-களின் இறுதியில் பிறந்த இந்தக் கட்டுப்பாடு தொழிலாளிக்கும் காப்பு, பொதுமக்களுக்கும் காப்பு.

ஆனால் அந்தப் பதினான்கு மணி நேரக் கடிகாரம் ஒருமுறை ஓடத் தொடங்கினால் சாதாரணமாக நிற்காது. டிரைவர் சாப்பிட்டாலும் ஓடும். சும்மா நின்றாலும் ஓடும். கிடங்குக்காரன் "இரு, கூப்பிடுகிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாலும் ஓடும். வம்பு பிறப்பது இங்கேதான்.

ஒரு டிரைவரை எடுத்துக்கொள்வோம். காலை 5 மணிக்கு வேலை தொடங்குகிறார். அரை மணி வண்டியைச் சோதிக்கிறார். இரண்டு மணி நேரம் ஓட்டி 7.30-க்குக் கிடங்கு சேர்கிறார். 9.30-க்குள் பாரம் ஏற்றிவிட்டால், எட்டு மணி நேரத் தொலைவிலுள்ள ஊருக்கு மாலை 5.30-க்குப் போய்விடலாம். சட்டத்துக்கும் குறைவில்லை, உடம்புக்கும் குறைவில்லை. ஆனால் ஏற்றி முடிக்கும்போது பிற்பகல் 2.30! ஏழு மணி நேரம் வாசலில் போயிற்று. இரவு 7 மணியோடு அவருடைய நாள் முடிகிறது. ஓட்டுவதற்கு ஒன்பது மணி நேரம் கணக்கில் பாக்கி. ஓட்டக்கூடியதோ நாலரை மணி நேரம். மைலுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குபவர் அவர். காலையிலிருந்து ஒன்பதரை மணி நேரம் உழைத்தவருக்கு இரண்டு மணி நேர ஓட்டத்துக்குத்தான் காசு!

இப்போது அவர் முன்னே மூன்று வழிகள்.

முதல் வழி, நேரம் தாண்டி ஓட்டுவது. முன்பு காகிதத்தில் கணக்கெழுதிய காலத்தில் இரண்டு ஏடு வைத்துக்கொண்டவர்கள் உண்டு. 2017 டிசம்பரிலிருந்து பெரும்பாலான வண்டிகளில் என்ஜினோடு இணைந்த மின்னணுக் கருவி கட்டாயமாயிற்று. சக்கரம் உருண்டால் அது எழுதிக்கொள்ளும். பதிவான ஓட்ட நேரத்தைக் குறைத்துக் காட்ட முடியாது. மீறியவர் சாலைச் சோதனையில் பிடிபட்டால், உரிய ஓய்வு முடியும்வரை அவரை ஓட்டவிட மாட்டார்கள். அபராதமும் அவர் தலையில்.

இரண்டாம் வழி, பொய் எழுதுவது. ஓட்ட நேரத்தைத்தான் கருவி தானே எழுதும். நின்ற நேரம் வேலையா, ஓய்வா, படுக்கையா என்பதை டிரைவரே பதிய வேண்டும். வண்டிக்குள் இருக்கும் படுக்கையில் ஏழு மணி நேரம் தொடர்ந்து இருந்துவிட்டு, இன்னொரு மூன்று மணி ஓய்வையும் சேர்த்துக் காட்டினால், அவை இரண்டும் பதினான்கு மணிக் கணக்கில் சேரா. 2020-இல் திருத்திய விதி இது. உண்மையாக உறங்கினால் தவறே இல்லை. ஆனால் கிடங்கு வாசலில் உறக்கம் ஏது? "முன்னே தள்ளு", "அந்தக் கதவுக்குப் போ", "கையெழுத்துப் போடு" என்று எழுப்பிக்கொண்டே இருக்கும் இடம் அது. ஏட்டில் ஏழு மணி நேர உறக்கம். கண்ணில் ஒரு மணி நேர உறக்கங்கூட இல்லை. அந்தக் கண்ணோடு நள்ளிரவு வரை ஓட்டினால் ஏடு காப்பாற்றுமா?

மூன்றாம் வழி, உள்ளதை உள்ளபடி எழுதி நட்டத்தை ஏற்பது. இரவு 7 மணிக்கு வண்டியை ஓரங்கட்டி, காலை 5 மணிக்கு எழுந்து, 8.30-க்கு ஊர் சேர்வது. 6 மணிக்கு வரச் சொன்ன அந்தக் கிடங்கில், "நேரம் தவறிவிட்டாய், காத்திரு" என்பார்கள். மறுபடியும் வாசல், மறுபடியும் காத்திருப்பு. நேர்மைக்குத் தண்டனை!

இது ஏதோ ஒருவர் இருவர் புலம்பல் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் இன்ஸ்பெக்டர் ஜெனரல் அலுவலகமே 2018 ஜனவரியில் அறிக்கை தந்தது. கிடங்கில் தங்கும் சராசரி நேரம் பதினைந்து நிமிடம் கூடினால், எதிர்பார்க்கக்கூடிய விபத்து விகிதம் 6.2 சதவீதம் கூடுகிறது என்றது அது. முழுப் பாரம் ஏற்றும் வாடகை லாரித் துறையின் டிரைவர்கள் இந்தத் தாமதத்தால் ஆண்டுக்கு 110 கோடி முதல் 130 கோடி டாலர் வரை வருவாய் இழக்கிறார்கள் என்றும் கணக்கிட்டது. ஆக, வாசலில் நிற்கவைப்பதன் விலையைக் கூலியாகவும் கொடுக்கிறார்கள், உயிராகவும் கொடுக்கிறார்கள்.

நிற்கவைப்பவனுக்கு என்ன நட்டம்? அங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. முதல் இரண்டு மணி நேரக் காத்திருப்பு இலவசம் என்பது அந்தத் தொழிலின் வழக்கம். அதற்குமேல் கட்டணம் கேட்கலாம். ஆனால் கேட்டதெல்லாம் கிடைப்பதில்லை, கம்பெனிக்குக் கிடைத்தாலும் டிரைவர் கைக்கு வருவது நிச்சயமில்லை. மிகைநேரக் கூலியாவது உண்டா? 1938-ஆம் ஆண்டின் நியாயத் தொழில் தரச் சட்டம் மாநிலம் கடந்து ஓடும் லாரி டிரைவர்களை மிகைநேரக் கூலியிலிருந்து விலக்கி வைத்தது. அதை மாற்றுவதற்கு 2022-லும் 2023-லும் மசோதாக்கள் கொண்டுவந்தார்கள், அவை சட்டமாகவில்லை. இனாமாகக் கிடைக்கும் பொருளை யார் சிக்கனமாகச் செலவிடுவார்கள்? டிரைவரின் நேரம் இனாம். அதனால்தான் கிடங்குக்காரன் ஆள் கூட்டுவதில்லை, மேடை கூட்டுவதில்லை. லாரிகளை வரிசையில் நிறுத்திவைக்கிறான்.

"அப்படியானால் கடிகாரத்தை நிறுத்திவிடலாமே" என்று ஒரு யோசனை வந்தது. அரை மணி முதல் மூன்று மணி வரை டிரைவர் இடைவெளி எடுத்தால், அந்த அளவுக்குப் பதினான்கு மணி நேரத்தை நீட்டலாம் என்று 2019-இல் அரசே முன்மொழிந்தது. 2020-இல் இறுதி விதி வந்தபோது அதைக் கைவிட்டது. காத்திருக்கும் நேரத்தை மறைக்க அந்த இடைவெளியைப் பயன்படுத்தும்படி டிரைவரை நெருக்குவார்கள் என்ற அச்சம் அதற்கு ஒரு காரணம். 2025-இல் அதே யோசனை சோதனைத் திட்டம் என்ற பெயரில் திரும்பி வந்தது. டிரைவர்களிலேயே இதை விரும்புகிறவர்கள் உண்டு; ஓட்டினால்தானே காசு! அவர்கள் நெருக்கடி நமக்குப் புரிகிறது. ஆனால் திருடியவனை விட்டுவிட்டுத் திருட்டைக் காட்டிக்கொடுத்த கடிகாரத்தைக் கட்டிப்போடுவதா நீதி? மூன்று மணி நேரம் கடிகாரம் நிற்கலாம். உடம்பின் களைப்பு நிற்குமா?

டிரைவர் செய்யக்கூடியது என்ன? வந்த நேரம், மேடைக்குப் போன நேரம், வெளியேறிய நேரம் மூன்றையும் சரக்குச் சீட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கலாம். தாமதத்தை அப்போதைக்கப்போதே கம்பெனிக்கு எழுத்தில் தெரிவிக்கலாம். பொறுப்பிலிருந்து உண்மையாக விடுவிக்கப்படாத நேரத்தை ஓய்வு என்று பதியாமல் வேலை என்றே பதியலாம். நேரம் முடிந்த நிலையில் கிடங்கை விட்டு வெளியேறச் சொன்னால், அருகிலுள்ள பாதுகாப்பான இடத்துக்குப் போய் ஓய்வெடுக்க 2018-ஆம் ஆண்டின் வழிகாட்டுதல் இடந்தருகிறது. விதியை மீறச் சொல்லிக் கம்பெனியோ, தரகரோ, சரக்குக்காரரோ மிரட்டினால் அது குற்றம் என்று 2016 முதல் விதி இருக்கிறது. 90 நாளுக்குள் புகார் செய்யலாம்.

ஆனால் தனி ஆள் எழுதும் குறிப்பு சாட்சியாகும், கூலியாகாது. கூலியாக்குவது சங்கம். 1934-இல் மினியாபோலிஸ் நகரத்து லாரித் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். ஜூலை 20-ஆம் நாள் போலீஸ் சுட்டதில் இருவர் உயிர் துறந்தார்கள். ஆனாலும் சங்கம் வென்றது. 1964-இல் டீம்ஸ்டர்ஸ் சங்கம் நாடு முழுமைக்கும் ஒரே சரக்கு லாரி ஒப்பந்தம் கண்டது. 1980-இல் கட்டுப்பாடுகளைத் தளர்த்திப் புதுச் சட்டம் வந்தது. போட்டி பெருகிற்று, சங்கம் மெலிந்தது, வாசல் வரிசையின் சுமை டிரைவர் தோளில் இறங்கிற்று.

இந்தியச் சட்டமும் இந்தக் கேள்வியைத் தொட்டதுண்டு. 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு எட்டு மணி, வாரத்துக்கு நாற்பத்தெட்டு மணி என்றது. வேலை நேரம் எது என்று பட்டியல் போட்டபோது, நிலையத்தில் வெறுமனே காத்திருக்கும் நேரம் பதினைந்து நிமிடத்துக்குக் குறைவாக இருந்தால் அதில் சேரும் என்று எழுதியது. கால் மணிக்கு மேல் நின்றவன்? பட்டியல் பேசவில்லை! அந்தச் சட்டமும் 2025 நவம்பர் 21 முதல் புதிய தொகுப்புச் சட்டத்துக்குள் அடங்கிவிட்டது.

நாடு எதுவானாலும் கேள்வி ஒன்றுதான். தன் வீட்டில் இல்லாத நேரம், தன் விருப்பப்படி எழுந்து போக முடியாத நேரம், பிறர் கூப்பிடும் குரலுக்குக் காது கொடுத்து நிற்கும் நேரம், அது ஓய்வா, வேலையா? வேலை என்றால் கூலி கொடு. ஓய்வு என்றால் டிரைவரை எழுப்பாதே. இரண்டும் இல்லாமல் நிற்கவைக்கும் உரிமை எந்த முதலாளிக்கும் இல்லை. அந்தக் கூலியை மணிக்கணக்கில் கொடுக்க வைத்துப் பாருங்கள். ஏழு மணி நேரம் பிடித்த பாரம் இரண்டு மணி நேரத்தில் ஏறும்!