கேசட்டுக்கு ஒரு முகப்பு அட்டை

பரணில் ஒரு பழைய கேசட் கிடைத்தால், அதைப் போட்டுக் கேட்பதற்கு முன்னால் பிளாஸ்டிக் பெட்டியைத் திறந்து உள்ளே இருக்கும் அட்டையை உருவிப் பாருங்கள். ஒரே தாள்தான், இரண்டு இடத்தில் மடிந்திருக்கும். படம் போட்ட பெரிய பகுதி முகப்பு. அலமாரியில் அடுக்கினால் பெயர் தெரிகிற ஒடுக்கமான பகுதி முதுகு. பின்பக்கம் நீட்டிக்கொண்டிருப்பதை நாக்கு என்று வைத்துக்கொள்வோம். பக்கவாட்டில் பார்த்தால் ஆங்கில ஜே எழுத்தாகத் தெரிவதால் இதற்கு ஜே கார்டு என்று பெயர்.

அப்பா, அம்மா சிறுவயதில் பிடித்த பாட்டுகளைப் பட்டியல் எழுதிக் கடையில் கொடுப்பார்கள். கடைக்காரர் வெற்றுக் கேசட்டில் பதிந்து தருவார். அவற்றின் அட்டையில் பேனா எழுத்து மட்டும்தான் இருக்கும், அதுவும் இன்று மங்கிப் போயிருக்கும். தாத்தா பாட்டியின் குரலைப் பதிந்து வைத்த கேசட்டுகளுக்கும் இதே நிலைதான். இவற்றுக்கெல்லாம் நல்ல அட்டை ஒன்று செய்து போடுவது அருமையான விடுமுறை வேலை.

பெரிய மென்பொருள் எதுவும் வேண்டாம். கோடும் கட்டமும் வரைய முடிகிற இன்க்ஸ்கேப் அல்லது லிப்ரே ஆஃபீஸ் டிரா போதும், இரண்டும் இலவசம். ஆனால் கணினிக்கு முன்னால் கையில் எடுக்க வேண்டியது ஸ்கேல்.

அளந்து பாருங்கள். முகப்பின் அகலம் 65 மி.மீ., முதுகு சுமார் 13, நாக்கு சுமார் 16. கூட்டினால் 94. உயரம் சுமார் 101. எந்த நிறுவனத்தின் கேசட்டை எடுத்தாலும் முகப்பும் முதுகும் ஏறக்குறைய இதே அளவுதான். 1963இல் பிலிப்ஸ் நிறுவனத்தில் லூ ஒட்டன்ஸ் என்ற பொறியாளரின் குழு இந்தக் கேசட்டை உருவாக்கியது. பிறகு மற்ற நிறுவனங்களும் உரிமைத்தொகை கட்டாமல் இதே வடிவில் தயாரிக்க பிலிப்ஸ் வழிவிட்டது. அதனால்தான் நீங்கள் ஒரு முறை வரைந்த அளவு எல்லாப் பெட்டிக்கும் பொருந்துகிறது.

இந்த அளவுகளில் மூன்று கட்டங்களை ஒட்டி ஒட்டி வரையுங்கள். அடுத்து, முகப்புக்குப் படம். கணினியில் இருக்கும் படம் கோலப்புள்ளிகள்போல் வரிசையாக அமைந்த நிறப் புள்ளிகளால் ஆனது. அந்தப் புள்ளிகளுக்கு மி.மீ. கணக்கு கிடையாது. ஒரு அங்குலத்தில் எத்தனை புள்ளி அச்சாக வேண்டும் என்று நாம்தான் முடிவு செய்கிறோம். 300 இருந்தால் கண்ணுக்குப் புள்ளி தெரியாது. ஒரு அங்குலம் 25.4 மி.மீ. அப்படியானால் 65 மி.மீ. அகலத்துக்கு 768 புள்ளிகள் வேண்டும். வெறும் 300 புள்ளி அகலமுள்ள படத்தை இழுத்துப் பெரிதாக்கினால் அங்குலத்துக்கு 117தான் தேறும், படம் மங்கலாகிவிடும். எழுத்துகளுக்கு இந்தக் கவலை இல்லை. இந்த மென்பொருள்கள் எழுத்தை வளைகோடுகளாக வைத்திருப்பதால் எவ்வளவு பெரிதாக்கினாலும் கூர்மை குறையாது.

முதுகில் பெயரைப் படுக்கவைத்து எழுத வேண்டும், அதாவது 90 பாகை திருப்ப வேண்டும். இங்கே தமிழுக்குக் கொஞ்சம் தாராளமாக இடம் விடுங்கள். 'கீ'யின் சுழி மேலே ஏறும், 'மூ'வின் சுழி கீழே இறங்கும். 13 மி.மீ. முதுகில் இரண்டு வரியை நெருக்கினால் இவை ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். ஒரு வரியே அழகு.

அச்சிடும்போது பலரும் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. 'பக்கத்துக்குள் பொருத்து' என்ற தேர்வு இருந்தால் கணினி உங்களைக் கேட்காமலே எல்லாவற்றையும் சுருக்கிவிடும். அளவு 100 சதவீதம் என்று இருக்கிறதா பாருங்கள். முதலில் 50 மி.மீ. சதுரம் ஒன்றை அச்சிட்டு அளந்து பார்ப்பது நல்லது. 48.5 வந்தால் 3 சதவீதம் சுருங்கியிருக்கிறது. அப்போது 65 மி.மீ. முகப்பும் 63 ஆகிவிடும், அட்டை பெட்டிக்குள் ஆடும்.

ஏ4 தாள் 210க்கு 297 மி.மீ. அட்டைகளை நேராக வைத்தால் 4 கொள்ளும், பக்கவாட்டில் திருப்பினால் 6! 101 இரண்டு 202, 94 மூன்று 282. ஆனாலும் நான் 4தான் வைப்பேன். காகிதம் மரநார்களால் ஆனது. தயாரிக்கும்போது நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் படிகின்றன, ஏ4 தாளில் வழக்கமாக நீளவாக்கில். நாரின் போக்கிலேயே மடித்தால் மடிப்பு வழுவழுப்பாக வரும். குறுக்கே மடித்தால் நார்கள் ஒடிந்து விளிம்பு வெடிக்கும், மேலே இருக்கும் மையும் உதிரும். 6 அட்டை வைக்கும்போது மடிப்பு குறுக்கே விழுகிறது. தடித்த தாளில் இது நன்றாகவே தெரியும். ஒரே தாளில் இரண்டு திசையிலும் மடித்துப் பார்த்து ஒப்பிடுங்கள். மடிப்பதற்கு முன், மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவை ஸ்கேலை ஒட்டி ஒரு முறை அழுத்தி இழுத்தால் கோடு பிசகாது.

பாட்டுப் பட்டியலை முகப்பின் உட்புறம் எழுதலாம். ஒவ்வொரு பாட்டும் எத்தனையாவது நிமிடத்தில் தொடங்குகிறது என்று சேர்த்தால் தேடுவது சுலபம். 60 நிமிடக் கேசட்டில் பக்கத்துக்கு 30 நிமிடம். நாடா நொடிக்கு 4.76 செ.மீ. ஓடுகிறது, ஆக உள்ளே சுமார் 86 மீட்டர் நாடா சுற்றியிருக்கிறது. நேரங்களைக் கணினியில் கூட்டும்போது மட்டும் கவனம். 3 நிமிடம் 45 நொடியையும் 4 நிமிடம் 30 நொடியையும் 3.45, 4.30 என்று தட்டினால் 7.75 என்று விடை வரும். சரியான விடை 8 நிமிடம் 15 நொடி. விரிதாளில் அந்தக் கட்டங்களை நேர வடிவத்துக்கு மாற்றிவிட்டுத் தட்டுங்கள்.