பூனைக்கு ஒரு வாசல்

தானியம் உள்ள இடத்தில் எலி உண்டு என்பதை நம்மவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வேப்பந்தட்டையில் எங்கள் வீட்டுக்குள்ளேயே ஒரு சாமான் அறை இருக்கிறது. வருஷத்துக்கு வேண்டிய நெல், உளுந்து, மிளகாய் எல்லாம் அதில்தான். எலிக்காக ஒரு பூனையும் வளர்த்து வந்தோம்.

போன வைகாசியில் ஒரு கல்யாணத்துக்காக அரியலூர் போனோம். புறப்படும் அவசரத்தில் சாமான் அறையைச் சாத்திக் கொண்டியைப் போட்டுவிட்டோம். பூனை உள்ளே இருந்ததை யாரும் கவனிக்கவில்லை. அதன் மூன்று குட்டிகளும் வெளியே நடையில் பரண்மேல் இருந்தன. மூன்றாம் நாள் வந்து திறந்தால் கதவின் அடிப்பலகை முழுவதும் நகக் கீறல். தாய் பிழைத்தது. குட்டிகளில் இரண்டு பிழைக்கவில்லை. அன்று வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. கொண்டியைப் போட்ட கை எங்கள் கைதான்.

மறுவாரம் ஆசாரியை வரவழைத்தோம். "தேக்குக் கதவுங்க முதலாளி, இதுல போய் ஓட்டை போடவா?" என்று தயங்கினார். போடச் சொன்னோம்.

சட்டத்தில் கை வைக்காமல் அடிப்பலகையில் மட்டும் 6 அங்குல அகலம், 7 அங்குல உயரத்துக்கு வெட்டினார். தரையிலிருந்து 4 அங்குலம் விட்டிருக்கிறது. பூனை காலைத் தூக்கிவைத்துப் போக அது வசதி. வெட்டிய விளிம்பில் நாலு பக்கமும் தகரம் மடித்து அடித்தோம். இல்லாவிட்டால் எலி கடித்தே அதைப் பெரிதாக்கிவிடும். மேலே கம்பியில் கோத்து, இரு பக்கமும் ஆடும்படி ஒரு மெல்லிய பலகை மூடி. ஒரு வாரம் மூடியை நூலால் தூக்கிக் கட்டிவைத்தோம். பிறகு பாதி இறக்கி, மறுபக்கம் கருவாடு வைத்தோம். பத்து நாளில் தலையால் முட்டித் திறக்கப் பழகிவிட்டது.

அந்த வழியாக எலியும் வராதா என்று கேட்பார்கள். எலி கதவுக்கு அடியில் ஏற்கெனவே வந்துகொண்டுதான் இருந்தது! ஆனால் இதை உள்கதவில் மட்டும் வைக்க வேண்டும். வெளிக்கதவில் வைத்தால் காட்டை ஒட்டிய நம் ஊர்களில் பாம்புக்கும் அதுவே வாசல்.

இன்னொன்று. கடைக்கும் குடோனுக்கும் இந்த யோசனை ஆகாது. 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்த 2011 விதிமுறைகளின்படி உணவுப் பொருள் வைக்கும் இடத்தில் பிராணிகளை விடக்கூடாது. அங்கே பொந்தை அடைப்பதும், கூண்டு வைப்பதும், மூட்டையைச் சுவரை விட்டுத் தள்ளி மரச்சட்டத்தின் மேல் அடுக்குவதும்தான் வழி.

இங்கிலாந்தில் எக்ஸிடர் பேராலயத்தில் பழைய கடிகாரத்துக்குக் கீழே உள்ள கதவில் இப்படி ஒரு துளை இன்றும் இருக்கிறது. கடிகாரத்தில் பூசிய மிருகக் கொழுப்பைத் தேடி எலிகள் வந்தனவாம். 1598 வாக்கில் ஆயர் வில்லியம் காட்டன் காலத்தில் தச்சருக்குக் கூலி கொடுத்து வெட்டியது. ஆயர் பெயர் காட்டன்! பருத்தி ஆராய்ச்சி நிலையம் உள்ள ஊர்க்காரர்கள் நாங்கள், படித்ததும் சிரித்தோம். அதற்கும் முன்பே, 1305 முதல் 1467 வரை, அந்தப் பேராலயத்துக் கணக்கில் பூனைக்கென்று வாரம் ஒரு பென்னி பற்று எழுதியிருக்கிறார்கள்.

மிஞ்சிய குட்டி இப்போது வளர்ந்து தாயோடு அதே வழியில் போய்வருகிறது. பக்கத்துத் தெரு மளிகைக்காரர் ஒருவரும் ஆசாரியின் விலாசம் கேட்டு வாங்கிப் போயிருக்கிறார்.